ஐந்து பவுண்

றோட்டுக் கொம்பனிக்காரர் வீட்டை விட்டுப் போகையில்
இரண்டு கதிரையும் ஒரு காஸ் அடுப்பும்
கூட்டோடு அவளையும் விட்டுப் போனார்கள்.
"எலியோ முயலோ தெரியேல்லைப் பிள்ளை,
வேணுமெண்டால் கொண்டுபோ" என்றார்
வீட்டுக்கார யேசுராசா.
சாம்பல் நிறம். அணில் வால்.
தொட்டுவிட்டோமா இல்லையா என்று
விரலுக்கே தெரியாத மயிர்.

சின்சில்லா என்றது கைபேசி.
பூமியின் மற்றப் பக்கத்து மலைக் குளிர்.
இருபத்தைந்து பாகைக்கு மேல் போனால் உயிருக்கு மோசம்.
முல்லைத்தீவில் அன்றைக்கு முப்பத்தாறு.

நான் ஐஸ் பக்டரியில் துண்டு எழுதுகிறவள்.
எந்தப் படகுக்கு எத்தனை கட்டி என்பது என் கணக்கு.
உடைந்ததைப் போத்தலில் அடைத்து
கிழிந்த சோட்டியில் சுற்றிக் கூட்டுக்குள் வைப்பேன்.
அவள் நனையக்கூடாது.
நனைந்தால் அந்த மயிர் லேசில் காயாது,
பூஞ்சணம் பிடிக்கும்.
குளிப்பதெல்லாம் புழுதியில்தான்.
புற்றுமண்ணை வறுத்து, சேலைத்துணியில் அரித்து
ஐஸ்கிறீம் டப்பாவில் வைத்தேன்.
உருண்டாள், உருண்டாள்,
என் தலையணைவரை மண்.
அன்றைக்குத்தான் முதன்முதல் என் கையை முகர்ந்தாள்.

வயிறு பருத்தது.
மாடு பார்க்கிற டொக்டர் "வாயு" என்றார்.
ஒரு செவ்வாய் விடிய
கூட்டுக்குள் நாலு கண்.

மயிரோடு, பல்லோடு,
திறந்த கண்ணோடு பிறந்திருந்தது.
பிறந்த அன்றே ஓட ஆயத்தம்.
எங்களிலும் ஒரு வருடத்துப் பிள்ளைகள்
இப்படித்தான் பிறந்தார்கள்.

நாளுக்கு நாள் நிறுக்க வேண்டுமாம், கிராம் கணக்கில்.
எங்கள் தராசுக்குக் கிலோவுக்குக் கீழே கண் தெரியாது.
அடகுக்கடைக்குக் கொண்டுபோனேன்,
சட்டைப்பையளவு துணிக்குள்.
தவயோகினி சிரிக்கவில்லை.
சிவப்புக் கடதாசியை விரித்து
பிள்ளையை அதில் வைத்து
மூச்சுப் படாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.
"நாப்பது கிராம்.
அஞ்சு பவுண் அக்கா."
பழக்கதோஷத்தில் துண்டும் எழுதினாள்.

அந்தக் கண்ணாடிக்கு முன்னால்
மூன்றுதரம் நின்றிருக்கிறேன்.
கொடி ஒருதரம். மகளின் தோடு இரண்டுதரம்.
கொண்டுபோனதை அப்படியே
திருப்பிக் கொண்டுவந்தது இப்போதுதான்.

அடுத்த நாள் ஒரு கிராம் குறைவு.
முதல் நாள் அப்படித்தான் என்று எழுதியிருந்தார்கள்.
எழுதியவர்களுக்குச் சோறு இறங்கியிருக்கும்.

அதோடு, பெற்றவளுக்குப் பத்து நாள் புழுதி கூடாது.
புண் ஆறவேண்டும்.
டப்பா இருந்த இடத்தை அவள் சுரண்டுவாள்,
என்னைப் பார்ப்பாள், திரும்பச் சுரண்டுவாள்.
வாசலுக்கு வெளியே
வன்னி முழுக்கப் புழுதி.

ஏழாம் நாள் இரவு கரண்ட் போனது.
காற்றும் இல்லை.
அவளுடைய காது இரண்டும் சிவந்து
மூச்சு வாயால் வந்தது.
கூட்டைத் தூக்கி ஸ்கூட்டியின் கால்பலகையில் வைத்து
பக்டரிக்கு ஓடினேன்.
அங்கே ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது.
கட்டி அறை வாசலில்,
ஈரம் படாத மூலையில்,
கூட்டுக்கும் எனக்கும் ஒரே சாக்கு.

மூன்று மணிக்கு ஐசுக்கு வந்தவர்கள் சுற்றி நின்றார்கள்.
ஒருவர் பீடியை அணைத்தார்.
தாயின் வயிற்றுக்குக் கீழே
வால் மட்டும் தெரிந்தது.
"இதுக்கு என்ன விலை போகும்?" என்றார் பிலேந்திரன்.
"அஞ்சு பவுண்" என்றேன்.
விசில் அடித்துவிட்டு
தன் கட்டிகளை ஏற்றப் போனார்.
கொஞ்சம் கழித்து ஒருவர்
கதவை இன்னும் ஒரு சாண் திறந்துவிட்டார்,
குளிர் இந்தப் பக்கம் வரட்டும் என்று.

பதினோராம் நாள் டப்பாவை வைத்தேன்.
அவள் விழுந்து புரண்டாள்.
குட்டி விளிம்பில் நின்று பார்த்தது,
தும்மியது,
தலைகீழாக உள்ளே போனது.
இரண்டும் எங்கே என்று கொஞ்ச நேரம் தெரியவில்லை.

மாதக் கடைசியில் முதலாளி கொப்பியைப் புரட்டினார்.
"என்ன இந்த முறை இவ்வளவு உடைஞ்சிருக்கு?"
"வெயில்" என்றேன்.