ஒலி பார்க்கும் நேரம்

ஓஷ் நகரத்துப் பழைய கலாமன்றத்தில்
ஒலிபெருக்கி என் பொறுப்பு.
இருபத்திரண்டு வருடம்.
அன்றைக்கு "மாற்றத்தின் முகங்கள்" என்று பதாகை.
ஒரு மூலை அவிழ்ந்து
கூட்டம் வருமுன்பே
காற்றில் கைதட்டிக்கொண்டிருந்தது.

பேச வந்தவர்களை ஒவ்வொருவராக
மைக்கின் முன் நிறுத்தி நான் கேட்பது
ஒரே கேள்வி:
காலையில் என்ன சாப்பிட்டீர்கள்?
பதிலில் எனக்கு அக்கறை இல்லை.
குரல் எதுவரை ஏறும், எங்கே பிசிறும்,
'ப' வரும்போது மூச்சு வெடிக்குமா,
அது தெரிந்தால் போதும்.
ஆனால் காது இருக்கிறதே,
அது வாங்கும் சம்பளத்துக்கு மேலேயே உழைக்கும்.

நொடித்த பஞ்சாலையைத் தூக்கி நிறுத்திய தோக்தோசுன்
"ஒன்று, இரண்டு, மூன்று" என்றார்.
சாப்பாட்டைச் சொல்லுங்கள் என்றேன்.
உதவியாளனைத் திரும்பிப் பார்த்தார்.
"இரண்டு முட்டை, ஐயா" என்றான் அவன்.
"இரண்டு முட்டை" என்றார் மைக்கில்.
முள் சிவப்பைத் தொட்டது.
குறைத்து வைத்தேன்.

குதிரையில் மலையேறித் தடுப்பூசி போடும்
செவிலி ஜிபாகுல் எதுவும் சாப்பிடவில்லையாம்.
"பெட்டியில் பனிக்கட்டி உருகுமுன்
கணவாயைத் தாண்ட ஓடிப் பழகிய வயிறு,
விடுமுறையிலும் பசிக்க மறக்கிறது."
இன்னும் கொஞ்சம் பேசுங்கள், அளவு சரியாகவில்லை என்றேன்.
முதல் வருடம் ஒரு கதவும் திறக்கவில்லையாம்.
மறுவருடம் ஒரு வீட்டில்
கால் ஒடிந்த ஆட்டுக்குக் கட்டுப் போட்டாளாம்.
"அதற்கப்புறம்தான் பிள்ளைகளைக் கொண்டுவந்தார்கள்."
மேடையில் இதைச் சொல்லவில்லை.
மேடையில் சதவீதம் சொன்னாள்.

மினிபஸ் ஓட்டுநர்களைச் சங்கமாக்கிய எர்மெக்கிற்குத்
தொண்டை கட்டியிருந்தது.
ராத்திரி நிறையப் பேசினீர்களோ?
"பேசாமல் இருந்தேன், நாலு மணிநேரம்.
கத்த வேண்டியவர்கள் கத்தி முடிக்கட்டும் என்று.
அதுதான் கட்டிவிட்டது."

கடைசியாக சைராகான்.
கால்வாய்த் தண்ணீரைப் பங்கிடும் முராப்.
அவள் பள்ளத்தாக்கில் அந்த வேலைக்கு வந்த முதல் பெண்.
மண்வெட்டி பிடித்துக் காய்த்த கையால்
மைக்கை ஒருமுறை தொட்டுவிட்டு
படியிறங்கி நடந்தாள்.
கடைசி வரிசை வரை.
தூணுக்குப் பின்னால்
சுருள்கம்பி துருத்திய நாற்காலியில் உட்கார்ந்து சொன்னாள்:
"நீ பேசு. இங்கே வருகிறதா பார்க்கிறேன்."

என்ன பேச?

"காலையில் என்ன சாப்பிட்டாய்?"

இருபத்திரண்டு வருடத்தில்
அந்தக் கேள்வி என் பக்கம் திரும்பியதே இல்லை.
நேற்றைய ரொட்டி, என்றேன்,
சர்க்கரை இல்லாத தேநீர்.
என் குரல் எனக்கே
அண்டை வீட்டுக்காரன் குரல் போலக் கேட்டது.

"ரொட்டி வந்தது" என்றாள் அங்கிருந்து.
"தேநீர் தூணில் முட்டி நின்றுவிட்டது."

இறங்கிப் போய் நானும் உட்கார்ந்தேன்.
உண்மைதான்.
"தண்ணீரும் இதே கதைதான்" என்றாள்.
"மதகடியில் நிற்பவனுக்கு எப்போதும் வெள்ளம்தான்.
சண்டை மூண்ட வருடம்
கணக்கு நோட்டை மூடிவிட்டு
கடைமடையில் போய்ப் படுத்துக்கொண்டேன்.
மூன்று ராத்திரி. நல்ல கொசு."
அதற்குமேல் சொல்லவில்லை.
முதுகில் குத்திய கம்பியைத் தடவிக்கொண்டாள்.

இடப்பக்கப் பெட்டியை இரண்டு முழம் நகர்த்தினேன்.
அடியில் அது இருந்த இடம் மட்டும்
புதுத் தரை போல மின்னியது.

கூட்டம் நடந்தது. எல்லாரும் பேசினார்கள்,
தோக்தோசுன் இருவர் நேரத்தை எடுத்துக்கொண்டார்.
நடுவில் அவர் ஒரு பழைய வேடிக்கை சொல்ல
முன்வரிசை சிரித்தது.
அதே நொடியில்
தூணுக்குப் பின்னால் வாளியோடு நின்ற
துப்புரவுக்காரி உல்ஜானும் சிரித்தாள்.

இத்தனை காலம்
அவளைச் சிரிக்கத் தெரியாதவள் என்று
நினைத்திருந்தேன்.