கிழக்கே கடல்

முஹரக்கில், நகைக்கடைச் சந்து முடியும் இடத்தில்
ஏசி பதினெட்டில் வைத்த ஓர் அறை.
என் வேலை தூசி தட்டுவது.
மாடிப்படித் தூசியை மூன்று வருஷம் தட்டியாயிற்று;
இது காகிதத் தூசி. பூனைமயிர் போல ஒரு தூரிகை,
நடுவிலிருந்து ஓரத்துக்கு, மூச்சை அடக்கிக்கொண்டு.
சம்பளத்தில் பதினைந்து தினார் கூடுதல்.

இந்த வாரம் வந்தது ஒரு தகரப் பெட்டி.
கொண்டுவந்த அண்ணனும் தம்பியும்
முகம் பார்க்காமல் ஒரே பேனாவில் கையெழுத்திட்டார்கள்.
உள்ளே நானூற்றுப் பன்னிரண்டு தாள்:
முத்துக்குளிக்கப் போனவன் வாங்கிய முன்பணம்,
அவன் செத்தபின் மகன் பேருக்கு மாற்றிய அதே முன்பணம்,
அரிசிக் கணக்கு, படகில் கால் பங்கு,
பேரீச்சந் தோட்டத்துப் பத்திரங்கள்.
ஒன்றில் பூச்சி நேர்க்கோட்டில் நடந்து
சாட்சிகளை மட்டும் தின்றிருந்தது.

எனக்கு அரபி எழுத்து தெரியாது.
மர்வா வாசிக்க வாசிக்க
காது மட்டும் திடுக்கிட்டு நிமிரும்.
அஸ்ல் என்கிறாள். அசல்!
நக்ல். நகல்!
பாக்கி, வக்கீல், வாரிஸ்.
முதுகுளத்தூர் தாலுகா ஆபீசில்
எங்களை வெயிலில் நிறுத்திவைத்த சொற்களெல்லாம்
இங்கே சொந்த வீட்டில் கால்நீட்டிக் கிடக்கின்றன.
தகராறு என்றால் என்ன என்று கேட்டேன்.
தக்ரார்? திரும்பத் திரும்பச் செய்வது, என்றாள்.
அதேதான், என்றேன்.

நான்கு எல்லை சொல்லும் முறையும் அதேதான்.
மேற்கே பாதை. வடக்கே ஈசா வகையறா சுவர்.
தெற்கே கிணறு.
கிழக்கே கடல்.
மர்வா ஜன்னலைப் பார்த்துச் சிரித்தாள்.
கிழக்கே சோபா கடை, ஆறுவழிச் சாலை,
மண்ணைக் கொட்டி எழுப்பிய பதினான்கு மாடிகள்.
கடலைப் பார்க்க இப்போது டாக்சி பிடிக்க வேண்டும்.
பத்திரம் மட்டும் இன்னும்
கால் நனைய நின்றுகொண்டிருக்கிறது.

அந்தத் தோட்டத்தில் மோஸா என்பவளுக்கு
ஏழு மரம். கிணற்றில்
வெள்ளிக்கிழமைத் தண்ணீர், விடியலிலிருந்து நிழல் திரும்பும்வரை.
பங்கை விட்டுத்தரச் சொல்லி
சகோதரர்கள் எழுதிய தாள் மூன்று இருக்கிறது,
மூன்று வெவ்வேறு வருஷத்து மையில்.
மூன்றிலும் அடியில் ஒரு வட்டம்,
அவள் பெருவிரலுக்காக.
மூன்றும் காலி.
காரணம் எழுதிய தாள் எதுவும் பெட்டியில் இல்லை.
மர்வா தட்டச்சு செய்தாள்: ரேகை, இல்லை.
வெறுந்தாளையும் ஸ்கேன் எடு, பின்பக்கமும் எடு.
அது சட்டம்.

என் கைபேசியில் எட்டு நாளாக ஒரு பத்திரம் கிடக்கிறது.
சர்வே நம்பர் நூற்றுப் பதினான்கில் இரண்டு பி,
புஞ்சை, ஒரு ஏக்கர் ஆறு சென்ட்.
காலஞ்சென்ற இருளப்பன் மகள் பஞ்சவர்ணம் ஆகிய நான்
யாருடைய தூண்டுதலும் இன்றி, முழு மனதுடன்,
இனி யாதொரு பாத்தியமும் இல்லை என.
யாருடைய தூண்டுதலும் இன்றி என்று
அண்ணன் தனபால்தான் டைப் அடிக்கக் கொடுத்திருக்கிறான்.
எம்பசியில் முத்திரை வாங்கி கூரியரில் அனுப்பணுமாம்.
கூரியர் காசு அவன் தருவானாம்.

நேற்று ஸ்கேனர் கண்ணாடியைத் துடைக்கையில்
என் பெருவிரல் தவறிப் பதிந்துவிட்டது.
பச்சை வெளிச்சத்தில் அத்தனை வரி,
வரப்பும் வாய்க்காலுமாக.
துடைக்க ஒரு நிமிஷம் ஆனது.

இரவு மறுபடி கேட்டிருந்தான்:
வெள்ளிக்கிழமை லீவுதானே, போயிட்டு வந்துரு.
வெள்ளிக்கிழமை எம்பசி கிடையாது என்று அனுப்பினேன்.
அது மோஸாவின் தண்ணீர் முறை
என்று அடித்ததை
அழித்துவிட்டேன். அவனுக்குப் புரியாது.