சூடை

பதிவேட்டில் பெயருக்கான கட்டத்தில்
சூடை என்று எழுதியவன் நான்தான்.
மண்டபம் மீன் ஏலக்கூடத்துக்குப் பின்னால்
காலிப் பெட்டிகளுக்கு நடுவே அகப்பட்டபோது
உடம்பெல்லாம் அந்த வாசம்.
மூன்று முறை குளிப்பாட்டியும் போகவில்லை,
பெயரும் அப்படியே நின்றுவிட்டது.

வயது: பத்து, அல்லது பதினொன்று.
பல்லைப் பார்த்த டாக்டர்
இரண்டில் எதற்கும் சத்தியம் செய்யவில்லை.
குணம்:
அந்தக் கட்டம் ரொம்பச் சின்னது.
துடைப்பம் என்றால் பயம். மடக்கிய குடை என்றால் பயம்.
கச்சான் காற்றில் தகரக் கூரை படபடத்தால்
தண்ணீர்த் தொட்டிக்கும் சுவருக்கும் இடையே
ஒரு சாண் இடத்தில்
முழு நாயும் எப்படி நுழைகிறதென்று
இன்றுவரை எனக்குப் புரியவில்லை.
நான் லுங்கியை மடித்துக் கட்டக் குனிந்தால்கூட
கல் எடுக்கப் போகிறேன் என்று
கண்ணை மூடிக்கொள்ளும்.
அதனால் ஆறு மாதமாக
கணுக்கால் தெரியாமல்தான் உச்சிப்புளியில் நடமாடுகிறேன்.

வந்தார்கள், பார்த்தார்கள்.
இறால் பண்ணைக்காரர் ஒருவர்
"குரைக்குமா?" என்றார்.
ஒரே ஒரு தடவை குரைத்தது, தூக்கத்தில்.
அதைச் சொன்னேன். வண்டியைத் திருப்பினார்.
ராமநாதபுரத்திலிருந்து ஒரு குடும்பம்,
பிள்ளைகள் பிஸ்கட்டோடும் பிரியத்தோடும்,
கம்பிக்குள் ஆறு கைகள் ஒரே நேரத்தில்.
சூடை நின்ற இடத்திலேயே மூத்திரம் போனது.
பக்கத்துக் கூண்டுக் குட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.
அவர்கள்மேல் தப்பில்லை.
தங்கச்சிமடத்துக்கு ஒரு தரம் போய்
நாலாம் நாள் திரும்பி வந்தது.
"நல்ல நாய்தான் சார், இருக்கிறதே தெரியலை"
என்றார் கொண்டுவந்து விட்ட சவரிராஜ்.
"நரைச்ச மூக்கை யாரு எடுப்பா?"
வேன் ஓட்டும் கோட்டைச்சாமி
கேட்டது கேள்வியே இல்லை.

அப்புறம் நம்புத்தாய் வந்தாள்.
சின்னப்பாலத்துக்காரி. பாசி எடுக்கிறவள்.
விரல்களில் துணி சுற்றிய தடம்,
நெற்றியில் கண்ணாடி அழுத்திய வளைவு.
மாதத்தில் பன்னிரண்டு நாள் கடலுக்குள்.
மிச்ச நாளில் பஸ் பிடித்து இங்கே.
நாயைப் பார்க்கவே இல்லை.
கூண்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து
பொரிகடலை தின்றாள்.
ஒரு மணி நேரம். எழுந்து போனாள்.
அடுத்த தடவையும் அதே முதுகு, அதே பொரிகடலை.
எனக்கு எரிச்சல்.
"எப்பம்மா பார்ப்பீங்க?"
"அதுல்ல பாக்கணும்" என்றாள்.

கல் பொந்துக்குள் கையை விடும் முன்
கலங்கல் தெளியும் மட்டும் சும்மா கிடக்கணுமாம்.
உள்ளே இருப்பது அஞ்சாளையோ வேறெதுவோ,
அதுக்கும் நம்மளைத் தெரியணுமாம்.
அவ்வளவுதான் சொன்னாள்.
மூச்சைச் சிக்கனம் பிடிக்கிறவள்
பேச்சையும் அப்படியே.

ஐந்தாம் தடவை
கம்பி வழியே ஒரு மூக்கு
அவள் சட்டையின் உப்பை முகர்ந்தது.
அவள் திரும்பவில்லை.
எனக்குத்தான் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை,
எதையாவது கூட்டலாமென்று துடைப்பத்தை எடுக்கப் போய்
ஞாபகம் வந்து, வைத்துவிட்டேன்.

ஐப்பசி முதல் மழையில் கூட்டிப்போனாள்.
குடை நீட்டினேன். வேண்டாமென்று தலையாட்டினாள்.
ஆட்டோ வரும்வரை
இருவரும் நனைந்தே நின்றார்கள்.

மறுநாள் லுங்கியை மடித்துக் கட்டினேன்.
பழக்கம் விட்டுப்போய்
முழங்காலில் காற்று கூசியது.
படிவத்தின் கடைசிக் கட்டம்
'திரும்ப வந்த தேதி'.
எல்லோருக்கும் அச்சடித்தே வைத்திருக்கிறோம்.

பதினெட்டாம் நாள் போன்.
அலைச் சத்தத்துக்கு மேலே கத்தினாள்.
இன்னும் கட்டிலுக்கடியிலதான் கெடக்கு,
கஞ்சி மட்டும் ராத்திரியில தானா காலியாவுது.
"வெளிய வரவே இல்லையா?"
"வாலு வந்துருக்கு இன்னைக்கு."
"வாலு மட்டுமா?"
"இந்த மாசத்துக்கு அது போதும் சார்."