மூன்றாவது பெயர்

கிளினிக் மிஸ் எழுதித் தந்த துண்டில்
முதற்சொல்லே புனர்வாழ்வு.
அப்படியே மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டேன்,
ஒரு மாதம்.
அந்தச் சொல்லுக்குள் ஏற்கெனவே
பதினான்கு மாதம் இருந்தவன் நான்.
முள்ளுக்கம்பி, வரிசை, தச்சுவேலைப் பயிற்சி,
முடிவில் ஒரு சான்றிதழ்.
எலி தின்றுவிட்டது.

வியர்வையில் ஊறித் துண்டில்
இடத்தின் பெயர் அழிந்துபோனது.
மிச்சம் கிழமை மட்டும்:
வியாழன், பின்னேரம் நாலு மணி.

ஆரிட்டைக் கேட்கிறது?
கடையில் கேட்டால் ஒலுமடு முழுக்கத் தெரிந்துவிடும்,
தெரியாதது போல.
வாய்க்காலுக்குள் கிடந்த என்னை
மூன்று தரம் தூக்கியதும் அதே ஊர்தான்.

கடைசியில், மாங்குளம் பாரில்
கம்பிவலைக்கு அங்காலை இருக்கிற பெடியன்தான் சொன்னான்,
கால் போத்தலை நீட்டியபடியே:
"சந்தியாலை உள்ளுக்கை போங்கோ அண்ணை,
சங்கத்தின்ரை பழைய உர ஸ்ரோர்.
அங்கை போறவை எல்லாம் என்ரை பழைய ஆக்கள்."
மிச்சக் காசையும் சரியாக எண்ணித் தந்தான்.

அந்தக் காலை வாங்கினேனா என்று கேட்காதீர்கள்.
வாங்கினேன்.

முதல் வியாழன்
ஸ்ரோரைக் கடந்து ரயில் கடவை வரை மிதித்தேன்.
கடவை பூட்டியிருக்கும், நிற்கலாம் என்று.
திறந்தே கிடந்தது.
திரும்பி வந்தேன். மறுபடியும் கடந்தேன்,
வீடு வரை.

அடுத்த வியாழன்
திறப்புக்காரர் பிந்திவிட்டார்.
ஐந்து பேர் வெயிலில், பாதையை அடைத்துக்கொண்டு.
ஒருவர் என் ஹாண்டிலைப் பிடித்தார்:
"தம்பி, செயின் கழருது."
குனிந்து மாட்டினார். கை நடுங்கியது.
நானும் குனிந்தேன். எனக்கும் அதே நடுக்கம்.
நாலு கை சேர்ந்து ஒரு செயினை ஏற்றப்
பத்து நிமிடம் எடுத்தது.
அதற்குள் கதவு திறந்துவிட்டது.

உள்ளே யூரியா வாசம்.
ஆறு பிளாஸ்ரிக் கதிரை, ஒன்றுக்குக் கால் இல்லை,
உரப்பை முட்டுக் கொடுத்திருந்தது.
பிளேன்ரீ, கடிக்கப் பனங்கட்டி.
செயின் மாட்டியவர் மரியநாயகம், எட்டு மாதம்.
அளம்பிலில் இருந்து இரண்டு பஸ் மாறி வருகிறார்.
வலை விற்றுக் குடித்த கதையில்
வலைக் கண்ணியின் அளவைக்கூட விடவில்லை.
இந்துமலர், நாற்பத்தொரு நாள்.
"புருசனுக்காக வந்தவள் எண்டு நினைக்காதேங்கோ.
கசிப்புக் காய்ச்சினது நான்.
ருசி பார்த்ததும் நான்."
நினைத்திருந்தேன்தான்.

என் முறை.
"ரவி" என்றேன்.
எந்த ஊரிலும் இரண்டு ரவி இருப்பார்கள்,
ஒருவன் குடிகாரன் என்றால் ஆருக்கென்ன?
அம்மா வைத்த பெயர் ஒன்று.
காட்டுக்குள் வைத்த பெயர் ஒன்று,
அதை இதிலும் எழுதமாட்டேன்.
அப்படிக் கூப்பிட்டவர்கள் இப்போது
கனவில்தான் கூப்பிடுகிறார்கள்,
குடித்துவிட்டுப் படுத்தால் கூப்பிடுவதில்லை.
ரவி மூன்றாவது.
"வாங்கோ ரவி" என்று ரீ ஊற்றினார்கள்.

அன்றிரவு ரவி குடிக்கவில்லை.
வெள்ளியும் இல்லை.
சனி முழுக்க நாய் குரைத்தது,
ரவி கூரைத் தகரத்தின் ஆணிகளை எண்ணினான்.
ஞாயிற்றுக்கிழமை
குகதாசன் குடித்தான்.

அதற்கடுத்த வியாழன் போகிற எண்ணமே இல்லை.
செயின் இந்த முறை கழரவுமில்லை.
"வாங்கோ ரவி" என்று இந்துமலர் கதிரையை இழுத்தாள்.
நான் இருக்கவில்லை.
"ரவிக்கு இண்டையோடை ஏழு நாள்.
குடிச்சது குகதாசன்.
ஒலுமடு. லான்மாஸ்ரர் ஓடுறவன்.
ஞாயிறு, முதல் ஒரு கால், பிறகு அரை."

ஒருவரும் கை தட்டவில்லை.
ஆரோ பனங்கட்டியைக் கடிக்கும் சத்தம்.
மரியநாயகம் கொப்பியில் ரவியை வெட்டிவிட்டு
மேலே எழுதினார்,
குணதாசன் என்று.

திருத்தவில்லை.
வருகிற வியாழன் சொல்லலாம்.