கீறலின் முனை

கதவணையில் மதகைத் தூக்கிவிட்டார்கள் என்று
காலையிலேயே டீக்கடையில் சொன்னார்கள்.
எனக்குத் தெரியாத ஆறா என்று
ஏழு பேரையும் ஒரு மொபெட்டையும் ஏற்றினேன்.

பூலாம்பட்டிக்கும் நெருஞ்சிப்பேட்டைக்கும்
கண்ணை மூடிக்கொண்டு படகு விடுவேன் என்பது
நான் அடிக்கடி சொல்வது.
இன்று கண் திறந்துதான் இருந்தது.
தண்ணீரின் நிறம் மாறியதைப் பார்த்தேன்.
பச்சை போய்ப்
பால் கூடிப்போன டீ மாதிரி ஒரு பழுப்பு.
பார்த்துக்கொண்டே
வெள்ளரிக்காய் விலை பேசிக்கொண்டிருந்தேன்.

பாறை என்றால் கத்தும்.
மணல் அப்படியில்லை.
கல்யாண வீட்டில் தோளில் கை போடுகிற
கடன் கொடுத்த சொந்தக்காரன் அது.
மெல்லத்தான் நிறுத்தும்.
அப்புறம் விடாது.

எல்லோரும் ஒருமுறை முன்னால் சாய்ந்து நிமிர்ந்தோம்.
எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது,
எதையும் சுற்றாமல், கனமே இல்லாமல்,
பள்ளிக்கூடம் விட்ட மாதிரி.
அணைத்தேன்.

அந்த நேரம் பார்த்து மாதையன் போன்.
படகில் பாதி அவனுடையது.
எந்தப் பாதி என்று
நாங்கள் இன்னும் பேசி முடிக்கவில்லை.
"எங்க இருக்க?"
"நடு ஆத்துல."
"சத்தமே காணோம்?"
"ஒண்ணும் ஆகல" என்றேன்.
அவன் அதைக் கேட்கவே இல்லை.

"ரிவர்ஸ் போடுங்கண்ணா" என்றான் மொபெட்காரன்.
போட்டாலும் சுற்றாது.
சுற்றினாலும் மணலைக் குடிக்கும்.
எல்லோரையும் இறங்கச் சொன்னேன்.

காவிரியின் நடுவில், கணுக்கால் தண்ணீரில்,
செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு
பஸ்ஸுக்கு நிற்பதுபோல் நின்றார்கள்.
கொலுசுக்கு முத்து கோக்கக் கொடுக்கப்போகிற
சிவதாபுரத்துக் கோகிலவாணி
மூட்டையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டாள்.
மொபெட்டும் இறங்கியது.
படகு ஒரு சாண் எழுந்தது.

எஞ்சினைச் சாய்த்துத் தூக்கினேன்.
விசிறி இதழ் மூன்றையும் விரலால் தடவினேன்.
ஒன்றின் ஓரத்தில் அரிசி அளவு பொக்கை.
பின் ஒடிந்திருந்தது.
ஒடிவதற்கென்றே செய்த பின் அது.
கியர் பிழைக்க
அது போக வேண்டும், அதுதான் அதற்கு வேலை.
தீப்பெட்டியில் ஆறு போட்டு வைத்திருந்தேன்.
திறந்தால் நாலு.

நாலுதான்.
இன்னொரு முறை எண்ணினேன்.
அப்படியென்றால் இரண்டு தடவை
மாதையனும் இங்கே எங்கேயோ நின்றிருக்கிறான்,
கரைக்கு வந்து என்னோடு உட்கார்ந்து
சாப்பிட்டும் இருக்கிறான்.

புதுப் பின்னைத் தட்டி இறக்கிவிட்டு
நடுப்பலகையைத் தூக்கிப் பார்த்தேன்.
எப்போதும் நிற்கிற தண்ணீர்
எப்போதும் நிற்கிற அளவு.
ஒரு விரல் கூடவோ என்னவோ.
முன்பக்க அடியில் முழங்கைவரை கையை விட்டு
பைபரை அமுக்கி அமுக்கிப் போனேன்,
டாக்டர் வயிற்றை அமுக்குவதுபோல், அதன் முகத்தைப் பார்க்காமல்.
அங்கே இருந்தது.
மயிரளவு கீறல், ஒரு சாண் நீளம்.
இன்றைக்கு வந்ததா, ஏற்கெனவே இருந்ததா
என்று அது சொல்லவில்லை.

பொட்டலத்தில் கிராம் எழுதுகிற மார்க்கரைக்
கோகிலவாணியிடம் கேட்டு வாங்கினேன்.
"கூப்பன் நம்பரா?" என்றாள்.
துண்டால் துடைத்து, ஊதிக் காயவைத்து,
கீறல் நின்ற இரண்டு முனையிலும் குறுக்கே கோடு போட்டேன்.
தாண்டினால் தெரிந்துவிடும்.
பக்கத்தில் தேதி.
நாளைக்குக் கழுவும்போது மாதையன் பார்ப்பான்.
என் கையெழுத்து அவனுக்குத் தெரியும்.

ஏழு பேரும் தள்ளினோம்.
மணல் யோசித்துவிட்டு விட்டது.
எஞ்சின் முதல் இழுப்பில் இருமியது,
மூன்றாவதில் பிடித்தது.
திரும்பிப் பார்த்தேன்.
பின்பக்க ஓட்டையிலிருந்து
குடித்த தண்ணீரை அது வெளியே விட வேண்டும்.
முதலில் ஒன்றுமில்லை.
பிறகு சேறாக ஒரு கொப்புளிப்பு.
பிறகு மெல்லிசாக, வளைந்து, நூல்போல் வந்தது.

அக்கரைவரை யாரும் பேசவில்லை.
வெள்ளரிக்காய் விலையை நானும் எடுக்கவில்லை.
பலகைக்கு அடியில்
தண்ணீர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்
நடந்துகொண்டிருந்தது.