இடது காலுக்கு வேலை

மழைக்கு ஒதுங்கினேன் என்றேன்.
எவரிஸ்தோ வாசலைப் பார்த்தார். உலர்ந்த தெரு,
கீழே துறைமுகத்தின் கிரேன்கள் வெயிலில்.
மூன்று வாரமாக இதே மழைதான் உனக்கு
என்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.
மேசைமேல் அதே இரண்டு பெட்டிகள்.
பச்சை, டிலே. சாம்பல், லூப்பர்.
என்னிடம் இருந்தது ஒன்றுக்கான பணம்,
அதிலும் பாதி
நாணயம்.

நாணயமான பெட்டி பச்சை.
சொன்னதைத் திருப்பிச் சொல்லும்,
ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மங்கலாக,
பிறகு தனக்கே சலித்ததுபோல் விட்டுவிடும்.
நானூறு மில்லிநொடியில் வைத்தால்
எதிர்க்குன்றில் யாரோ என்னைத்
தாமதமாகப் புரிந்துகொள்வது போலிருக்கும்.
குமிழைக் கடைசிவரை திருப்பினால் மட்டும்
தன் குரலைத் தானே தின்று ஊளையிடும்.
எவரிஸ்தோ பாய்ந்து வந்து அணைப்பார்:
சுவருக்கு அப்பால் பல்
மருத்துவர்.

மருத்துவர் சொன்ன மாத்திரைபோல
சாம்பலுக்கு அளவு முக்கியம்.
ஒரு மிதி, பதியும். மறு மிதி, சுற்றும்.
நிறுத்த மட்டும் இரண்டு மிதி, உடனுக்குடன்.
முற்றுப்புள்ளிக்கு இரண்டு முறை
குதிக்கவேண்டிய வாக்கியத்தை
யார் எழுதுவார்கள்?
என் பூட்ஸ் நாற்பத்து மூன்று.
பொத்தான்களுக்கு நடுவே இரண்டு விரற்கடை.

வென்செஸ்லாவோ வடக்கே
செம்புச் சுரங்கத்தில் லாரி ஓட்டப் போய்விட்டான்.
எங்கள் இருவர் குழுவில் இப்போது நான் மட்டும்.
மூன்றாம் தட்டில் அவசரப்படுவான் எப்போதும்.
சாம்பல் அவசரப்படாது.
நான் அவசரப்பட்டால்
அதை அப்படியே வைத்துக்கொண்டு
சுற்றுக்குச் சுற்று காட்டிக்கொடுக்கும்.

வெள்ளிக்கிழமை இரண்டையும் கொண்டு போ,
சனிக்கிழமை ஒன்றைக் கொண்டு வா
என்றார். வெங்காயப் பையில் போட்டுக்கொண்டு
மலையேறும் மரப்பெட்டியில் ஏறினேன்.

ஃப்ரெசியாவின் மதுக்கடை. பதினோரு பேர்,
அதில் இருவர் மழைக்கோட்டுக்குக் காவல்.
முதல் அடுக்கைப் பதிகிறேன்,
பீர் குளிர்பெட்டி உறுமத் தொடங்குகிறது.
மிதித்தேன். சுற்றியது,
என் நாலு கார்டும் அதன் உறுமலும்.
இன்னோர் அடுக்கு போட்டேன். உறுமல் இரட்டை.
ஃப்ரெசியா முகம் சுளித்து
குளிர்பெட்டியின் ஒயரைப் பிடுங்கினாள்.
குளிர்பெட்டி நின்றது.
உறுமல் நிற்கவில்லை.
பிடுங்கிய ஒயரைக் கையில் வைத்துக்கொண்டு
என்னையும் அதையும் மாறிமாறிப் பார்த்தாள்.
பின்வரிசையில் ஒரு குரல்:
நல்லா வாசிக்குது, விடு!

இரண்டு முறை மிதித்தேன், ஒன்று தவறியது.
காது கொடுத்தேன். ஜி சுரத்துக்கு மேலே
ஒரு மயிரிழை. சரி என்று
பாட்டு ஓடும்போதே ஆறு தந்தியையும்
அந்த இழைக்கு முறுக்கினேன்.
முறுக்கும் சத்தம்கூட
பச்சையில் விழுந்து, நனைந்து, தேய்ந்தது.
இருட்டில் இரண்டு விளக்குகள்,
ஒன்று நீலம், ஒன்று சிவப்பு,
கண்சிமிட்டும் வேகம் ஒத்துப்போகாத சகோதரிகள்.
அப்புறம் எவ்வளவு நேரம் வாசித்தேனோ,
வெதுவெதுப்பான பீரைக் குடித்தபடி
யாரும் எழுந்து போகவில்லை.

சனிக்கிழமை பச்சையை மேசைமேல் வைத்தேன்.
அப்போ இது? என்றார்.
டிலே தாமதமாகும் என்றேன்.
சிரிக்காமல் கணக்கில் எழுதிக்கொண்டார்.

சாம்பலுக்குள் இன்னும் வெள்ளிக்கிழமை இருக்கிறது.
அழிக்க, பொத்தானை இரண்டு நொடி
அழுத்திப் பிடிக்கவேண்டும்.
எனக்கு இன்னும் பிடிக்கவில்லை.

வாசலைத் தாண்டினேன்.
தகரக் கூரைகளில் அங்கொன்று இங்கொன்றாக,
பிறகு எல்லாவற்றிலும்,
மழை.