கொருக்குப்பேட்டை சிக்னலில்

கர்த்தாவே,
வண்டி நின்றுவிட்டது.
நேற்றைக்கு முன்தினமும் இங்கேதான் நின்றது.
ஆறு நிமிடமோ பத்தோ, கார்டுக்கும் தெரியாது.
அதற்குள் பேசி முடிக்கிறேன்.

முழங்கால் போட இடமில்லை.
என் முழங்காலுக்கும் எதிர் சீட்டு அம்மாவின் முழங்காலுக்கும் நடுவே
எண்ணூர் இறால் கூடை.
வீட்டிலும் முடியவில்லை.
நாலே முக்காலுக்குத் தண்ணி லாரி.
வரிசையில் நின்று "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று ஆரம்பித்தேன்,
மூன்றாவது குடத்தில் எங்கே விட்டேன் என்பது மறந்துவிட்டது.

கண்ணை மூடிக்கொள்கிறேன்.
தூங்குகிறாள் என்று நினைக்கட்டும்.

இன்று திங்கள்.
சர்க்கரைக்காரர்களின் நாள்.
ஏழரைக்கு ரத்தம் எடுக்கும் ஜன்னலைத் திறக்குமுன்
டோக்கன் நூற்று அறுபதைத் தாண்டியிருக்கும்.
அத்தனை பேரும் வெறும் வயிறு.
எங்கள் சபை உபவாசக் கூட்டத்துக்கு
இதில் கால்வாசி வராது.
பாஸ்டர் பார்த்தால் பொறாமைப்படுவார்.

நாற்காலி இரண்டு.
நஸ்ரீன் பிரசவ விடுப்பில் இருக்கிறாள்.
ஆகவே நான், நான் மட்டும்,
நூற்று அறுபது முழங்கைகள்.

அற்புதம் கேட்கவில்லை.
நரம்பு கேட்கிறேன்.
குத்திக் குத்திக் கல்லாகிப்போன கையில் ஒரு நரம்பு.
ஊசியைப் பார்த்ததும் உள்ளே ஓடி ஒளிந்துகொள்ளும்
பிள்ளைகளின் கையில் ஒரு நரம்பு.
கண்ணுக்குத் தெரியாவிட்டால் போகட்டும்,
விரலுக்குத் தெரியட்டும்.
விசுவாசம் என்றால்
எனக்கு இப்படித்தான் புரிகிறது.

ஊதா மூடி, சிவப்பு மூடி, சாம்பல் மூடி,
எதுவும் மாறிப்போகக் கூடாது.
உமக்கு எல்லாரையும் பெயர் பெயராகத் தெரியும்.
எனக்கு ஸ்டிக்கர் வேண்டும்.
அந்தப் பிரிண்டர் பத்து மணி வரைக்குமாவது மக்கர் பண்ணாதிருக்கக்
கிருபை செய்யும்.
இரண்டு செல்விகள் வந்தால்
அப்பா பெயரையும் கேட்க நினைப்பூட்டும்.

இன்னொன்று.
இதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றினேன்.

வியாழக்கிழமை. டோக்கன் தொண்ணூற்று நாலு.
காக்கிச் சட்டை, மூட்டை தூக்கிக் காய்த்த தோள்.
இரண்டு முறை குத்தியும் கிடைக்கவில்லை.
"கைய ஆட்டாதய்யான்னா கேக்க மாட்டியா?"
ஹால் முழுக்கக் கேட்டது.
அவர் ஆட்டவில்லை.
உமக்குத் தெரியும், ஆடியது என் கை.
விடிந்ததிலிருந்து ஒரு டீகூடப் பார்க்காத கை.

அவர் பஞ்சை அழுத்திப் பிடித்தபடியே
பல்லால் மறுபக்கச் சட்டையை மேலே இழுத்தார்.
"பரவால்ல தாயி. இந்தக் கையும் இருக்குல்ல."

நீட்டினார்.
எடுத்தேன்.
மன்னிப்புக் கேட்கவில்லை, ஆண்டவரே.
"தொண்ணூத்தஞ்சு" என்று கூப்பிட்டேன்.

நேற்று ஆராதனையில்
அப்பத்துக்குக் கை நீட்டியபோது
உள்ளங்கையில் அது வந்து விழுந்தது.
எனக்கு முழங்கையின் உள்பக்கம் வலித்தது.

இன்று அவர் ரிப்போர்ட் வாங்க வரலாம்.
கூட்டத்தில் எனக்கு அவரைக் காட்டும்.
வராவிட்டால்,
மூன்று நாளாய்க் கைப்பையில் வைத்துக்கொண்டு அலையும் இந்த மன்னிப்பை
யாரிடம் கொடுப்பது?
நீரே ஒரு டோக்கன் நம்பர் சொல்லும்.

தம்பி விஷயமாக ஒன்று கேட்க இருந்தது.
வாடகையும்.
நஸ்ரீன் குழந்தைக்கு மஞ்சள் இறங்க வேண்டும், அதுவும்.

ஹாரன்.
பெட்டி ஒருமுறை குலுங்குகிறது.
இறால் தண்ணீர் என் செருப்பு வரை வருகிறது.
எதிர் சீட்டு அம்மா தோளைத் தட்டுகிறாள்:
"யம்மா, தூங்காத, உன் ஸ்டேஷன் வந்துரப் போவுது."

தூங்கவில்லை என்று சொல்லவில்லை.
சிரிக்கிறேன்.

ஆமென் பாக்கி இருக்கிறது.
முதல் டோக்கனின் கையில்
ஊசி உள்ளே போய்
குழாயில் சிவப்பு ஏறும்போது
சொல்லிக்கொள்கிறேன்.